தண்டவாளம் போன தடத்தில் சைக்கிள் போகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த சைக்கிள் கட்டுரையைப் படித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே படுகிற பாட்டை நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், வண்டிகள் வராத தனிப்பாதை எல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம், நம் ஊரில் அதற்கு நிலம் எடுக்க யாராலும் முடியாது என்று முடித்துவிட்டார்கள். அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேன், மேஸ்திரி என்று வந்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளின் தொடக்கத்தில் மாயவரம் – தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதையிலும் ஜல்லி அடித்திருக்கிறேன். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அப்புறம் தரங்கம்பாடி. ஏறத்தாழ 30 கி.மீ. 1926-ல் திறந்த பாதை; 1986-ல் மூடினார்கள். பிறகு தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு, தண்டவாளம் கிடந்த அந்த மண் மேட்டில் பல இடங்களில் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. சில இடங்களில் மேடு எங்கே, வயல் எங்கே என்றே தெரியவில்லை.

இதை மட்டும் சொல்லியிருந்தால், ஓய்வு பெற்றவன் பழசை நினைத்துப் புலம்புகிறான் என்று ஒதுக்கிவிடுவீர்கள். ஆனால் என் மகன் ஜெர்மனியில் ஆகன் என்கிற ஊரில் வேலை பார்க்கிறான். போன கோடையில் அவனோடு போய்த் தங்கியிருந்தபோது ஒரு பாதையைப் பார்த்தேன், பார்த்ததோடு நிற்காமல் ஓட்டியும் பார்த்தேன். ஃபென்பான் என்று பெயர். அதுவும் ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதைதான்.

ஆகன் நகரின் ரோதெ எர்டெ என்ற பகுதியில் தொடங்கி, பெல்ஜியம் வழியாக, லக்சம்பர்க் நாட்டின் த்ருவாவியெர்ஜ் வரை 125 கி.மீ. மூன்று நாடுகள். 125 கி.மீ.யும் பெரும்பாலும் பழைய ரயில் மேட்டின் மேலேயே போகிறது. நல்ல தார். எதிரெதிரே இரண்டு சைக்கிள் தாராளமாக விலகிப் போகிற அகலம். கார் இல்லை, பைக் இல்லை, ஹாரன் இல்லை. சாலை குறுக்கிடுகிற இடங்களில் மட்டும் சைக்கிள்காரன் நின்று பார்த்துப் போக வேண்டும். ரயில் ஓடிய காலத்தில் கேட்டைச் சாத்திக் கார்களை நிறுத்தியிருப்பார்கள், இப்போது கார் போகட்டும் என்று நாம் நிற்கிறோம். என்னை மாதிரி ஆளுக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

மகன் எனக்கு பேட்டரி உதவியோடு ஓடும் சைக்கிள் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தான். வயதானவர் மலை ஏறப் போகிறாரே என்று அவனுக்குப் பயம். ஆகனிலிருந்து தெற்கே போனால் ஏறக்குறைய 550 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலம் வரை ஏற வேண்டும் என்று படத்தில் காட்டினான். நான் சிரித்தேன். ரயில் போன பாதை என்றால் அது எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியாதா? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடுகிறது, பிடிமானம் குறைவு. செங்குத்தாக ஏற்றினால் சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் ரயில் பாதை போட்டவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் மலையை நேராக ஏற மாட்டான், வளைத்து வளைத்து, மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித்தான் கொண்டுபோவான். இந்தப் பாதையிலும் நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மீட்டர் ஏறினாலே அதிகம். பக்கத்தில் ஓடும் கார் சாலை மூச்சு வாங்க ஏறி இறங்கும் இடத்தில், சைக்கிள் பாதை ஏறுவது காலுக்குத் தெரியவே இல்லை. பேட்டரியைப் பல இடங்களில் அணைத்துவிட்டே மிதித்தேன். மகன்தான் பின்னால் வியர்த்து வந்தான்.

சைக்கிள்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் நாட்டில் பெரும்பாலான சாலைகள் சைக்கிளுக்காகப் போட்டவை இல்லை. மாட்டு வண்டிக்குப் போட்ட தடம் பேருந்துச் சாலை ஆயிற்று, அப்புறம் நான்கு வழிச்சாலை ஆயிற்று. ரயில் மேட்டையும் சைக்கிளை நினைத்துப் போடவில்லைதான். ஆனாலும் மிதிக்கிற காலுக்கு வேண்டிய மூன்றும் அதில் தானாகவே அமைந்திருக்கிறது: ஏற்றம் குறைவு, வளைவு பெரிது, குறுக்கே வரும் வண்டி குறைவு. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு இன்ஜினியர் இன்ஜினுக்காகப் போட்ட கணக்கு, இன்று எட்டு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுக் கிழவனுக்கும் உதவுகிறது.

கொர்னெலிமுன்ஸ்டர் என்ற சிற்றூர் அருகே பழைய கல் பாலம் ஒன்று பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. அதன் மேலேயே சைக்கிள் போகிறது. நான் இறங்கி, ஓரச் சுவரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜினும் நிலக்கரிப் பெட்டிகளும் ஏறி இறங்கிய பாலத்துக்குச் சைக்கிள் ஒரு சுமையா? வால்ஹைம் நிலையத்தில் பழைய பெட்டிகளை ஆர்வலர்கள் பழுது பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே நான் நின்ற நேரம் அதிகமாகிவிட்டது என்று மருமகள் இன்றும் கேலி செய்கிறாள்.

அப்புறம் காடு. ஊசியிலை மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கின்றன. ரயில் ஓடியபோது பாதையை ஒட்டி மரம் வளர விடமாட்டார்கள். எங்களுக்கும் அதே வேலைதான், கிளை வெட்டுவது, புதர் எரிப்பது. ரயில் நின்ற பிறகு மரங்கள் நெருங்கி வந்துவிட்டன. கோடையிலும் நிழல். அதையும் தாண்டிப் போனால் ஹோகஸ் ஃபென் என்கிற சதுப்பு மேட்டு நிலம். மரமே இல்லாத வெட்டவெளி, வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு வைத்த புல், ஜூன் மாதத்திலும் காலையில் மூடுபனி. ஸ்வெட்டர் போடாமல் போன என் பேரன் நடுங்கினான். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த இடத்தில் சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம் தனியாகக் கேட்கிறது.

ஒரு எச்சரிக்கை: மொன்ஷாவ் என்ற அழகான ஊர் பாதையிலிருந்து கீழே பள்ளத்தில் இருக்கிறது. மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், நடுவே ஆறு, பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் இறங்குவது ரயில் ஏற்றம் அல்ல, மலைச் சாலை. காபி குடிக்கலாம் என்று இறங்கியவர்கள் திரும்பி ஏறும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். என் பேட்டரிக்கு வேலை வந்தது அங்கேதான்.

இந்தப் பாதையின் வரலாற்றை மகன் சொன்னபோதுதான் எனக்கு நம் தரங்கம்பாடிப் பாதை நினைவுக்கு வந்தது. 1880-களில் பிரஷ்யா அரசு போட்ட பாதை இது. ஆகன் பக்கத்து நிலக்கரியைத் தெற்கே லக்சம்பர்க் இரும்பாலைகளுக்குக் கொண்டுபோகவும், அங்கிருந்து இரும்புத் தாதுவைக் கொண்டுவரவும் போட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தப்படி யூபன், மால்மெடி பகுதிகள் பெல்ஜியத்துக்குப் போயின. ரயில் பாதை ஜெர்மனிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருவதால், பாதையையும் அதன் நிலையங்களையும் சேர்த்தே பெல்ஜியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். விளைவு விசித்திரமானது. சில இடங்களில் பாதையின் அகலம் மட்டும் பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜெர்மனி. பாதைக்கு மேற்கே இருந்த சில ஜெர்மன் ஊர்கள் நாலாபக்கமும் பெல்ஜியம் சூழ்ந்த தீவுகளாகிவிட்டன. இன்றும் அப்படி ஐந்து துண்டுகள் இருக்கின்றன. அதில் ரூக்ஷ்லாக் என்பது ஒரே ஒரு வீடும் அதைச் சுற்றிய தோட்டமும்தான். ரொட்கன் என்ற ஊரைத் தாண்டி ஓட்டும்போது சட்டைப்பையில் இருந்த போன் ‘பெல்ஜியத்துக்கு வருக’ என்றும் ‘ஜெர்மனிக்கு வருக’ என்றும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டே வந்தது. பேரனுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் பாதை அடிபட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் குறைந்தது. 1990-லிருந்து 2001 வரை ஆர்வலர்கள் சுற்றுலா ரயில் ஓட்டிப் பார்த்தார்கள். அதுவும் நின்றது. நம் ஊர் மாதிரியே அங்கேயும் புதர் மண்டியது. ஆனால் பாதை நிலத்தைத் துண்டு போட்டு விற்கவில்லை. 2013-ல் அதே மேட்டில் சைக்கிள் பாதை முழுதாகத் திறந்தாயிற்று. பெல்ஜியத்தில் சூர்ப்ரோட் என்ற ஊர்ப் பக்கம் சுமார் ஏழு கிலோமீட்டருக்குத் தண்டவாளத்தை அப்படியே விட்டு, பெடல் போட்டு மிதிக்கிற ரயில் வண்டியும் ஓட்டுகிறார்கள். நாங்கள் தள்ளிக்கொண்டு போன டிராலிக்குப் பெடல் வைத்த மாதிரி இருக்கிறது. லக்சம்பர்க் எல்லையருகே ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. அதில் வௌவால்கள் குடியேறிவிட்டதால் சுரங்கத்தை வௌவால்களுக்கே விட்டுவிட்டு, சைக்கிள் பாதையை மலை மேல் சுற்றிக் கொண்டுபோகிறார்கள். அந்த இடம்வரை நான் போகவில்லை. மகன் போய்வந்து, ரயில் ஏற்றம் எவ்வளவு பெரிய வரம் என்று அங்கேதான் புரிந்தது என்றான்.

பெல்ஜியத்தின் வலோனியா மாகாணத்தில் இந்த மாதிரிப் பாதைகளுக்கு ராவெல் என்று ஒரு திட்டமே இருக்கிறது. 1995-லிருந்து மூடிய ரயில் பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் இணைத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போட்டுவிட்டார்கள். நிலம் ரயில்வேயினுடையதாகவே இருக்கிறது. மாகாண அரசு அதை 99 வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. நாளைக்கு ரயில் வேண்டுமென்றால் நிலம் கைவசம் இருக்கும். அமெரிக்காவில் 1983-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள்: மூடப்படும் ரயில் பாதையை நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ வைத்திருந்தால், அது கைவிடப்பட்ட நிலமாகக் கணக்கில் வராது, பிற்பாடு ரயில்வே கேட்டால் திரும்பக் கிடைக்கும். இந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. சைக்கிள் பாதை வெறும் பொழுதுபோக்கு இல்லை, அது ரயில் நிலத்துக்குக் காவல்காரன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரங்கம்பாடிப் பாதையில் சைக்கிள் என்று பேச்செடுத்தாலே எங்கள் பக்கத்தில் கோபம் வரும். டீக்கடையில் நான் இந்த யோசனையைச் சொன்னபோது ஒரு நண்பர், “ரயில் கேட்டுப் போராடிக்கிட்டிருக்கோம், நீங்க என்னடான்னா சைக்கிள் ஓட்டச் சொல்றீங்களே அண்ணே” என்று முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் ரயில்தான் முதல் ஆசை. நாளைக்கே அந்தப் பாதையில் ரயில் விடுகிறார்கள் என்றால் நான் சைக்கிளைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், முதல் டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 1986-லிருந்து எத்தனையோ மனு, எத்தனையோ ஆர்ப்பாட்டம். அதற்குள் மேடு கரைந்துகொண்டே போகிறது. ஒருவர் வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார், இன்னொருவர் மண்ணை எடுத்துத் தன் மனையை நிரப்புகிறார். ரயில் வரும்போது போட இடம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஆள் நடமாடுகிற பாதையை யாரும் வேலி போட்டுச் சேர்த்துக்கொள்ள முடியாது. தினமும் நூறு பிள்ளைகள் சைக்கிளில் போகிற தடத்தில் எவன் கருங்கல் இறக்குவான்?

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. வெளிநாட்டில் அந்தப் பாதையில் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் இறுக்கமான உடையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பறக்கிறவர்கள். நம் ஊருக்கு அந்தக் கூட்டத்தை நினைத்துத் திட்டம் போட வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பிளஸ் 1 படிக்கிற பிள்ளைகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் கொடுத்தாயிற்று, ஓட்ட இடம்? மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, பொறையாரில் டி.பி.எம்.எல். கல்லூரி. பழைய ரயில் பாதையின் ஒரு முனைக்கு அருகே ஒன்று, மறு முனைக்கு அருகே இன்னொன்று. இடையில் உள்ள ஊர்களிலெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே ஓட்டுகிறார்கள்? மணல் லாரியும் டிப்பரும் கும்பகோணம், காரைக்கால் பேருந்துகளும் ஓடும் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண் சரிவில். பெண் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போக முடியாது, ஒருத்தி பின்னால் ஒருத்தி போக வேண்டும். ஆகனில் பிரான்ட் பகுதியிலிருந்து நகருக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் அதே ஃபென்பான் பாதையில்தான் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே சுற்றுலாப் பயணி யாரும் இல்லை, பையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள்தான்.

சுற்றுலாவும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று தினமும் கூட்டம். தில்லையாடியில் வள்ளியம்மை நினைவிடம். முடிகிற இடத்தில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, அதன் முன்னால் கடல். முப்பது கிலோமீட்டரில் இவ்வளவு வைத்திருக்கிற பாதை ஃபென்பானில்கூட இல்லை. இரண்டு பக்கமும் குறுவையோ சம்பாவோ, நடுவே வாய்க்கால், கொக்கு. காடு இல்லையே என்பார்கள். வேண்டாம், வயல் போதும்.

சரி, வேலை எப்படி? இதில் நான் கொஞ்சம் அதிகாரத்தோடு பேசலாம் என்று நினைக்கிறேன். புதுச்சாலைக்கு மண் மேடு போட்டால் அது அமுங்கி இறுக வருஷங்கள் ஆகும். எங்கள் பக்கத்துக் களிமண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். ரயில் மேடு அறுபது வருஷம் இன்ஜின் ஏறி அமுக்கிய மேடு. இன்னும் ஜல்லி கிடக்கும் இடங்களில் அதுவே அடித்தளம். பாலங்களில் இரும்பு கர்டர் போயிருந்தாலும் இரண்டு கரைச் சுவர் நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. சைக்கிள் பாரம் தாங்க லேசான சட்டம் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் வடிய அன்று வைத்த சின்னப் பாலங்களைத் தூர் எடுத்தாலே மேடு நிற்கும். அந்தப் பாலங்கள் அடைபட்டதால் பக்கத்து வயலில் தண்ணீர் தேங்குகிற இடங்களும் உண்டு. விவசாயிகளுக்கும் இதில் ஆதாயம்தான்.

வெயிலுக்கு மரம். சீமைக் கருவேலை வேரோடு எடுத்துவிட்டுப் புங்கனும் நாவலும் மருதமும் வைத்தால் ஏழெட்டு வருஷத்தில் தலைக்கு மேல் கூடிவிடும். அதுவரை காலையிலும் மாலையிலும் ஓட்டலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் வருவதும் அந்த நேரம்தானே.

எனக்கு உண்மையான கவலை மோட்டார் சைக்கிள்தான். ஜெர்மனியில் சாலை சந்திக்கும் இடங்களில் நடுவே ஒரு கம்பம் நட்டால் கார் நின்றுவிடுகிறது. பைக்காரனும் உள்ளே வருவதில்லை. நம் ஊரில் கம்பத்துக்குப் பக்கத்து இடைவெளியில் பைக் நுழையும், பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு வைத்தால் பைக்கை மெதுவாக்கலாம், ஆனால் மூன்று சக்கரத்தில் வருகிற மாற்றுத்திறனாளியும் மாட்டிக்கொள்வார். ஆகவே தடுப்பை மட்டும் நம்ப முடியாது. அந்தந்த ஊராட்சி ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், முன்பு நாங்கள் ஆளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தினமும் நடந்து பார்த்த மாதிரி. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வாய்க்கால் தூர் எடுக்கிறவர்களுக்கு இதையும் கொடுக்கலாம். அறுவடைக் காலத்தில் டிராக்டரும் நெல் அறுக்கிற வண்டியும் குறுக்கே போக வேண்டும். அதற்குப் பழைய லெவல் கிராசிங் இருந்த இடங்களைத் திறந்து விட்டால் போதும். எங்கெங்கே கேட் இருந்தது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

முப்பது கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. மேடு நன்றாக நிற்கிற ஒரு பகுதியை, திருக்கடையூரிலிருந்து பொறையார் வரை என்று வைத்துக்கொள்வோம், முதலில் எடுக்கலாம். 125 கிலோமீட்டர் ஃபென்பானையும் அவர்கள் ஒரே நாளில் போட்டுவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குத் தார் வேண்டாம், டெண்டர் வேண்டாம்: ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து அந்த நிலத்தை முழுதாக அளந்து, எல்லைக் கல்லை மறுபடி நட வேண்டும். பின்னால் ரயில் வந்தாலும் சரி, சைக்கிள் வந்தாலும் சரி, அந்த அளவு பயன்படும். மேட்டை ஒட்டிக் குடிசை போட்டு இருபது முப்பது வருஷமாக வாழ்கிற ஏழைகள் சிலரும் இருக்கிறார்கள். அவர்களை முதலில் விரட்டிவிட்டுப் பிறகு யோசிப்பது என்கிற வழக்கமான முறையும் வேண்டாம். பாதை அவர்களைச் சுற்றிக்கொண்டு போகலாம்; வௌவாலுக்காகப் பாதையை வளைத்தவர்கள் இருக்கிற உலகம்தானே இது.

உங்கள் நிருபர் ஒருவரை இந்தப் பாதை நெடுக ஒருமுறை அனுப்பிவையுங்கள். கூகுள் படத்தில் மேலிருந்து பார்த்தால் கோடு தெரியும், ஆனால் எது ரயில்வே நிலம், எது புறம்போக்கு, எது பட்டா என்று படம் சொல்லாது. எல்லைக் கல் எந்த மரத்தடியில் இருந்தது, எந்தப் பாலத்துக்கு என்ன நம்பர் என்று தெரிந்த பழைய கேங்மேன்கள் செம்பனார்கோவிலிலும் ஆக்கூரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதை ஒட்டிய வயது, இரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை. சர்வேயர் வந்தாலும் நிருபர் வந்தாலும் கூடவே நடந்து காட்ட நாங்கள் தயார். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். காலை ஆறு மணிக்கு மாயவரம் ஜங்ஷன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
மயிலாடுதுறை.